இரும்பின் பக்கத்தில் ஒரு ஹிஸ்டிடின்

மனிதச் சிவப்பணு எத்தனை நாள் வாழும் என்று அளக்கப் புறப்பட்ட டேவிட் ஷெமின், அந்தச் சோதனைக்குத் தன் உடம்பையே கொடுத்தார். அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்து உயிர்வேதியியலர். சாதாரண நைட்ரஜனைவிடச் சற்றே கனமான நைட்ரஜன்-15 சேர்த்துச் செய்த கிளைசின் 66 கிராமை மூன்று நாளில் சிறுகச் சிறுகத் தின்று முடித்தார். அதன் பிறகு மாதக்கணக்கில் தன் இரத்தத்தை எடுத்து, ஹீமோகுளோபினின் ஹீம் பகுதியில் அந்தக் கன நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார். டேவிட் ரிட்டன்பர்க்கோடு சேர்ந்து 1946-ல் முடிவை வெளியிட்டபோது சொன்ன ஆயுள் 127 நாள். இன்றைய பாடப்புத்தகங்கள் 120 என்று முழுதாக்கிச் சொல்கின்றன.

எண் கிடக்கட்டும். அவர் வரைந்த கோட்டின் வடிவம்தான் எனக்குப் பிடித்தது. அளவு ஏறியது, ஏறிய இடத்தில் மேடாக வாரக்கணக்கில் நின்றது, பிறகுதான் இறங்கியது. சிவப்பணுக்கள் வயது பாராமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செத்துக்கொண்டிருந்தால் அந்த மேடே இருந்திருக்காது; முதல் வாரத்திலிருந்தே கோடு சரிந்திருக்கும். மேடு இருக்கிறது என்றால் இளையவை தப்புகின்றன, மூத்தவை போகின்றன என்று பொருள். நம் உடம்பில் நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்கள் இப்படி விலக்கப்படுகின்றன, அதே அளவு புதிதாக வந்து சேர்கின்றன. இத்தனை கோடிக் கூட்டத்தில் மூத்தது எது, இளையது எது என்று பார்த்துப் பொறுக்குவது எப்படி?

கேள்வியின் ருசி, சிவப்பணுவிடம் என்னென்ன இல்லை என்று எண்ணிப் பார்க்கும்போதுதான் முழுதாகத் தெரியும். எலும்பு மஜ்ஜையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அது உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. கொஞ்ச நாளில் மைட்டோகாண்ட்ரியாவும் போய்விடும், புரதம் செய்யும் ரைபோசோமும் போய்விடும். அப்புறம் ஒரே ஒரு புதுப் புரதத்தைக்கூட அதனால் செய்துகொள்ள முடியாது. பிறந்தபோது கையில் இருந்ததை வைத்துக்கொண்டே நான்கு மாதம் ஓட்டியாக வேண்டும். இரத்தம் உடம்பை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய ஒரு நிமிடம். அப்படியானால் வாழ்நாளில் ஒன்றேமுக்கால் லட்சம் சுற்று. காலத்தைக் குறித்துவைக்கும் கருவி என்று சொல்லத்தக்க எதுவும் உள்ளே கிடையாது. இருப்பதெல்லாம் ஒரு சவ்வு, சில நொதிகள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நெருக்கியடித்து நிற்கும் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள்.

விடையின் பெரும்பகுதி அந்த 27 கோடிக்குள் இருக்கிறது. வேலை செய்யும் பொருளே வேலையால் தேய்கிறது. அந்தத் தேய்மானம் சவ்வில் போய்ப் பதிகிறது. சவ்வுக்கு வெளியே நிற்பவர்கள் அதைப் படித்துக்கொள்கிறார்கள். இவ்வளவுதான் கதை. ஆனால் கதைச் சுருக்கத்தில் நயம் தெரியாது. ஒவ்வொரு படியிலும் நின்று பார்க்க வேண்டும்.

ஹீம் என்பது ஒரு தட்டையான வளையம். நடுவில் ஓர் இரும்பணு. அந்த இரும்பைச் சுற்றிப் பிணைப்புக்கு ஆறு இடங்கள். நான்கில் வளையத்தின் நைட்ரஜன்கள். ஐந்தாவதை ஒரு பக்கத்திலிருந்து ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் பற்றிக்கொள்கிறது. ஆறாவது இடம் ஆக்சிஜனுக்கு. அந்த ஆறாவது இடத்துக்கு அருகே, இரும்பைத் தொடாமல், ஆனால் எட்டுகிற தூரத்தில் இன்னொரு ஹிஸ்டிடின் நிற்கிறது. இதன் வேலை காவல். ஆக்சிஜன் வந்து அமர்ந்ததும் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பால் அதை இலேசாகப் பிடித்து நிலைப்படுத்துகிறது. மாக்ஸ் பெரூட்ஸ் கேம்பிரிட்ஜில் இருபது ஆண்டுக்கு மேல் எக்ஸ்-கதிரோடு போராடி 1959-ல் ஹீமோகுளோபினின் உருவத்தைக் கண்டெடுத்தார்; 1962-ல் நோபல் பரிசு வந்தது. அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் அணு அணுவாகத் துலக்கிய இடம் இது. இரண்டு ஹிஸ்டிடின்களில் ஒன்று பிடித்துக்கொண்டும் மற்றது பிடிக்காமலும் இருப்பதில்தான் நம் மூச்சு முழுவதும் நடக்கிறது.

ஆக்சிஜன் அமரும்போது இரும்பின் எலக்ட்ரான் ஒன்றைப் பாதியளவுக்குத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். எழுந்து போகும்போது அதை விட்டுவிட்டுப் போக வேண்டும். ஏறக்குறைய எல்லாத் தடவையும் விட்டுவிட்டுத்தான் போகிறது. எப்போதோ ஒரு தடவை எலக்ட்ரானோடு எழுந்துவிடும். அப்படிப் போனது சூப்பராக்சைடு என்ற முரட்டுப் பொருள். பின்னால் நிற்கும் இரும்போ ஓர் எலக்ட்ரானை இழந்து மூன்று மின்னேற்றம் கொண்டதாகிவிட்டது. இனி அதனால் ஆக்சிஜனைப் பிடிக்க முடியாது. மெட்ஹீமோகுளோபின் என்பது இந்த நிலைக்குப் பெயர், பழுப்பு நிறம். ஒரு நாளில் மொத்த ஹீமோகுளோபினில் 0.5 முதல் 3 சதவீதம் வரை இப்படிப் பிசகுகிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒரு சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும், ஒற்றைச் சிவப்பணுவுக்குள் நாளொன்றுக்கு 27 லட்சம் பிசகு.

இதைச் சரிசெய்ய அணுவுக்குள் ஆள் இல்லாமல் இல்லை. சைட்டோகுரோம் பி5 ரிடக்டேஸ் என்னும் நொதி எலக்ட்ரானைத் திருப்பித் தந்து இரும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. சூப்பராக்சைடை ஒரு நொதி பெராக்சைடாக்கும். கேட்டலேஸ், பெராக்ஸிரெடாக்சின், குளுட்டாதயோன் எல்லாம் சேர்ந்து அந்தப் பெராக்சைடைத் தண்ணீராக்கும். அதனால்தான் நல்ல உடம்பில் எந்த நேரத்திலும் மெட்ஹீமோகுளோபின் ஒரு சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று. இந்தப் பிசகு எப்போது அதிகம் நேர்கிறது? நுரையீரலில் ஒரு ஹீமோகுளோபினின் நான்கு ஹீம்களிலும் ஆக்சிஜன் நிறைந்து அது முழுச் சிவப்பாக இருக்கும்போது குறைவு. எல்லா இடமும் காலியானால் எலக்ட்ரானைத் தூக்கிக்கொண்டு போக ஆக்சிஜனே இல்லை. பாதி நிறைந்து பாதி காலியாக இருக்கும்போதுதான் மிக அதிகம். அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தில் ஜோசப் ரிஃப்கைண்டும் அவருடைய குழுவினரும் இதை நெடுங்காலம் துருவினார்கள். பாதி காலி என்ற நிலை எங்கே வரும்? தந்துகிகளில், திசுக்களுக்கு ஆக்சிஜனைக் கொடுத்துக்கொண்டிருக்கும் அந்த இடத்தில். எந்த நொடியில் ஹீமோகுளோபின் தன் தொழிலைச் செய்கிறதோ அந்த நொடியில்தான் அது பழுதாகிறது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆக்சிஜன் குறையக் குறைய ஹீமோகுளோபினுக்குச் சவ்வின்மேல் ஒட்டுதல் கூடுகிறது. ஆகவே சூப்பராக்சைடு பிறப்பதும் சவ்வின் ஓரத்திலேயே. அணுவின் நடுவில் திரியும் காவல் நொதிகள் ஓடிவந்து சேர்வதற்குள் அது பக்கத்தில் இருக்கும் கொழுப்பையும் புரதத்தையும் கடித்துவிடும்.

பிசகிய மூலக்கூறுகள் எல்லாமும் மீட்கப்படுவதில்லை. சிலவற்றில் புரதத்தின் மடிப்பு இலேசாக நெகிழ்கிறது. நெகிழ்ந்ததும், இத்தனை நாள் எட்டாமல் நின்ற அந்தக் காவல் ஹிஸ்டிடின் உள்ளே சாய்ந்து இரும்பின் ஆறாவது இடத்தைத் தானே பிடித்துக்கொள்கிறது. ஆக்சிஜனைக் காத்து நின்றது ஆக்சிஜனின் இடத்தில் அமர்ந்துவிட்டது! இந்த நிலைக்கு ஹெமிகுரோம் என்று பெயர். தொடக்கத்தில் இதிலிருந்து திரும்பிவர வழியுண்டு. கொஞ்சம் தாண்டிவிட்டால் வழியில்லை. மூலக்கூறு கரையும் குணத்தை இழந்து, தன்னைப் போன்றதைத் தேடி ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். உள்ளே நடப்பது சில ஆங்ஸ்ட்ராம் தூர நகர்வு, அவ்வளவே. அணுவின் மரணம் அந்த நகர்விலிருந்து புறப்படுகிறது.

புறப்பட்டது சவ்வுக்குப் போய்ச் சேரும் இடம் பேண்ட் 3 என்னும் புரதம். சவ்வுப் புரதங்களைக் கூழ்மத்தில் மின்சாரம் பாய்ச்சிப் பிரிக்கும்போது மூன்றாவது பட்டையாக நின்றது என்பதைத் தவிர அந்தப் பெயருக்கு வேறு விசேஷம் இல்லை. பார்க்கிற வேலைக்கு இன்னும் கௌரவமான பெயர் வைத்திருக்கலாம். ஒரு சிவப்பணுவில் இது சுமார் 12 லட்சம் பிரதிகள் இருக்கிறது. சவ்வைக் குறுக்கே துளைத்து நிற்கும் பகுதி, பைகார்பனேட்டையும் குளோரைடையும் மாற்றி மாற்றிக் கடத்துகிறது. திசுக்களின் கரியமில வாயு நுரையீரலுக்குப் போய்ச் சேர்வது இதன் தயவில். ஏ, பி, ஓ என்று நம் இரத்த வகையை முடிவுசெய்யும் சர்க்கரைச் சங்கிலிகளில் பெரும்பகுதி தொங்குவது இதன் வெளிப்புறத்தில். உள்பக்கம் ஒரு நீண்ட வால். அந்த வாலில் அங்கிரின் என்ற புரதம் கோத்திருக்கிறது. அங்கிரின் வழியாக, சவ்வுக்கு அடியில் விரிந்திருக்கும் ஸ்பெக்ட்ரின் வலை கோத்திருக்கிறது. ஏழெட்டு மைக்ரான் அகல அணு அதில் பாதிகூட இல்லாத தந்துகிக்குள் மடிந்து நுழைந்து மறுபடி விரிவது இந்த வலையின் பலத்தில்.

வாலின் நுனி எதிர்மின்னேற்றம் மிகுந்தது. அங்கே குளுக்கோஸை உடைக்கும் நொதிகள் சில வந்து ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் வந்தால் அதே நுனியில் தானும் ஒட்டி, அந்த நொதிகளைக் கிளப்பிவிடும். கிளம்பியவை வேலையைத் தொடங்கும். ஆக்சிஜன் குறைந்தது என்ற செய்தி ஆற்றல் உற்பத்திக்குப் போய்ச் சேரும் வழி இது. நல்ல ஹீமோகுளோபின் வரும், சொல்லும், போய்விடும். ஹெமிகுரோம் வந்தால் போகாது. ஒரே நுனிக்கு இருவரும் வருகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அன்றாடச் செய்திக்கு இருந்த வாசலே கடைசிச் செய்திக்கும் வாசலாகிறது. தனியாக ஒன்று கட்டப்படவில்லை.

ஒரு ஹெமிகுரோம் ஒரு வாலில் ஒட்டினால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஹெமிகுரோம்கள் ஒன்றோடொன்றும் ஒட்டும் குணம் உடையவை. அடுத்த வாலில் ஒட்டியிருப்பதோடு இது சேரும், அதோடு இன்னொன்று. சவ்வில் தளர்வாகப் பரவி நின்ற பேண்ட் 3 புரதங்கள் உள்ளிருந்து இழுக்கப்பட்டு ஓரிடத்தில் கொத்தாகக் கூடிவிடும். பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஃபிலிப் லோவும் சகாக்களும் 1985-ல் ‘சயின்ஸ்’ இதழில் சொன்னது இதைத்தான்: ஹீமோகுளோபின் சிதைவு, பேண்ட் 3 கொத்தாதல், சிவப்பணு முதுமை மூன்றும் ஒரே தொடர். உள்ளே நடந்த அழிவு வெளியே ஒரு அடுக்குமாற்றமாகத் தெரிகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புதுப் பொருள் எதுவும் முளைக்கவில்லை; இருந்ததே நெருங்கி நிற்கிறது, அவ்வளவுதான்.

அந்த நெருக்கத்தைப் படிப்பவர் யார்? மூத்த சிவப்பணுவின் மேல் நம்முடைய சொந்த எதிர்ப்பொருள்களே ஒட்டியிருப்பதை மார்கரிட் கே 1975-ல் காட்டினார். பேண்ட் 3-க்கு எதிரான இயற்கை எதிர்ப்பொருள்கள் நல்ல உடம்பிலேயே எப்போதும் உண்டு என்பதைச் சூரிச்சில் ஹான்ஸ் லுட்ஸ் விரிவாக ஆராய்ந்தார். எப்போதும் இரத்தத்தில் இருந்தும் இளம் அணுவை அவை ஏன் தொடுவதில்லை? எதிர்ப்பொருளுக்கு இரண்டு கை. இந்த எதிர்ப்பொருளின் பிடியோ மிகத் தளர்வானது. கூட்டப் பேருந்தில் ஒற்றைக் கையால் கம்பியைத் தொட்டுக்கொண்டு நிற்பவர் முதல் திருப்பத்திலேயே தடுமாறுவார். இரண்டு கைக்கும் கம்பி கிடைத்தவர் ஊர் போய்ச் சேர்வார். இளம் அணுவில் பேண்ட் 3-கள் விலகி நிற்பதால் இரண்டாவது கைக்குப் பிடி கிடைக்காது, எதிர்ப்பொருள் நழுவிவிடும். கொத்தான இடத்தில் இரண்டு கையும் பிடித்துக்கொள்ளும். பிடி தளர்வாக இருப்பது குறைபாடு என்று முதலில் தோன்றும். பிடி வலுவாக இருந்திருந்தால் எதிர்ப்பட்ட அணுவை எல்லாம் பிடித்து அழித்திருக்கும். தளர்வு என்பதால்தான் அது வயதைப் பார்க்க முடிகிறது. இப்படி ஒட்டுகிற எதிர்ப்பொருள் ஓர் அணுவுக்குச் சில நூறு இருந்தாலே போதும். காம்ப்ளிமென்ட் என்னும் இரத்தப் புரதங்கள் துணைக்கு வந்துவிடும். பிறகு மண்ணீரலிலும் கல்லீரலிலும் காத்திருக்கும் விழுங்கணுக்கள் பார்த்துக்கொள்ளும்.

ஹெமிகுரோம் அளவுக்கு மீறித் திரண்டால் நுண்ணோக்கியிலேயே காணலாம். ராபர்ட் ஹைன்ஸ் என்ற ஜெர்மானியர் 1890-ல் விவரித்தவை அவை. ஹைன்ஸ் துகள்கள் என்கிறோம். சோதனைக்கூடங்களில் வழக்கமாகப் போடும் லீஷ்மன் சாயத்தில் அவை தெரியவே தெரியா. உயிருள்ள இரத்தத் துளியில் மெத்தில் வயலட் கலந்து சற்று நேரம் வைத்திருந்து கண்ணாடித் தகட்டில் இழுத்துப் பார்த்தால், வெளிறிய வட்டத்தின் ஓரத்தில், சவ்வை ஒட்டினாற்போல், ஊதா நிறத்தில் ஒன்றிரண்டு குமிழ்கள் உட்கார்ந்திருக்கும். நடுவில் மிதப்பது அரிது. பேண்ட் 3 பற்றி இத்தனை நேரம் சொன்னதெல்லாம் அந்த ஓரத்தில் தெரிகிறது.

மண்ணீரல் இதைக் கையாளும் விதம் தனி அழகு. அதன் சிவந்த கூழ்ப்பகுதியிலிருந்து இரத்த நாளத்துக்குத் திரும்ப, அணு ஒரு மைக்ரானுக்குச் சற்று முன்பின்னான பிளவு வழியாகப் பிதுங்கியாக வேண்டும். மென்மையான பகுதி முதலில் நுழைந்து அப்பால் போய்விடும். விறைத்த ஹைன்ஸ் துகள் மடியாது; இப்பால் சிக்கிக்கொள்ளும். அந்தத் துகளும் அதைச் சுற்றிய சிறு சவ்வும் பிய்ந்து விழுங்கணுவின் வாய்க்குப் போக, மீதி அணு காயத்தை மூடிக்கொண்டு ஓட்டத்தில் சேர்ந்துவிடும். வில்லியம் கிராஸ்பி 1950களில் இதைப் பழத்திலிருந்து கொட்டை நீக்கும் சொல்லால் குறித்தார். கொட்டை போன அணுவை நுண்ணோக்கியில் பார்த்தால் ஓரத்தில் யாரோ கடித்த வடு இருக்கும். மண்ணீரல் அகற்றப்பட்டவர்களின் இரத்தத்தில் இந்தச் சுத்திகரிப்பு நடக்காததால் துகள்கள் தங்கிவிடுகின்றன.

எல்லா அணுவும் இப்படிக் கடிபடுவதில்லை. ஆனால் எல்லா அணுவும் இழக்கிறது. பழுதான ஹீமோகுளோபினைச் சவ்வோடு சேர்த்து நுண்குமிழிகளாக உதிர்த்தபடியே அது வாழ்கிறது. வாழ்நாள் முழுவதும் சேர்த்தால் ஹீமோகுளோபினில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இப்படிப் போய்விடுகிறது. அதனால் கிழ அணு சிறியது, அடர்ந்தது, மடிய மறுப்பது. உதிர்ப்பதால் பழுது குறைகிறது. உதிர்ப்பதாலேயே சவ்வும் குறைகிறது. இந்த வியாபாரத்தில் கடைசிவரை லாபம் கிடையாது.

இந்தப் பாதை எவ்வளவு முக்கியம் என்பது அது வேகமாக ஓடும் இடத்தில் விளங்கும். ஹெர்மன் லேமனும் மரி கட்புஷும் 1952-ல் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் அணு மரபு இருப்பதைக் கண்டு எழுதினார்கள். தென்னிந்தியாவில் அதுவரை யாரும் எதிர்பார்க்காத செய்தி. அரிவாள் ஹீமோகுளோபின் என்றதும் வளைந்து விறைக்கும் அணுதான் நினைவுக்கு வரும். அதற்கு இன்னொரு முகம் உண்டு: சாதாரண ஹீமோகுளோபினைவிட விரைவாக எலக்ட்ரானை இழக்கும், விரைவாக ஹெமிகுரோமாகும், பேண்ட் 3-ஐ விரைவாகக் கொத்தாக்கும். அரிவாள் அணுச் சோகை உள்ளவரின் சிவப்பணு 10 முதல் 20 நாளே வாழ்வதில் இந்த அவசர முதுமைக்கும் பங்கு உண்டு.

மூத்த அணுவை அடையாளம் காட்டுவது பேண்ட் 3 மட்டுமே என்று எல்லோரும் ஒப்பவில்லை. உள்ளடுக்கில் இருக்க வேண்டிய ஃபாஸ்ஃபடிடில்செரின் என்ற கொழுப்பு வெளியே புரள்வதைச் சொல்பவர்கள் உண்டு. அணு விறைப்பதே போதும், மண்ணீரல் பிளவே வடிகட்டிவிடும் என்பவர்களும் உண்டு. எனக்கு இவை ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றவில்லை. பெரும்பாலானவை ஏதோ ஓர் இடத்தில் அந்த இரும்பிடம் போய் முட்டுகின்றன.

ஹீமோகுளோபின் பழுதும் அணுவின் வயதும் எவ்வளவு இறுகப் பின்னியவை என்பதை ஒரு சிறைச்சாலை ஆய்வு காட்டியது. கொரியப் போர்க் காலத்தில் இல்லினாய் மாநிலத்து ஸ்டேட்வில் சிறையில், ஆல்ஃப் ஆல்விங் தலைமையிலான சிகாகோ பல்கலைக்கழகக் குழு மலேரியா மருந்தான பிரைமாகுயினைக் கைதிகளுக்குக் கொடுத்துச் சோதித்தது. சிறைக்குள் பெற்ற சம்மதம் எத்தகைய சம்மதம் என்ற கேள்வி அந்த ஆய்வின் மேல் இன்றும் நிற்கிறது, நிற்க வேண்டியதுதான். நாள்தோறும் 30 மில்லிகிராம். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை. சிலருக்கு, அவர்களில் பலர் கறுப்பினத்தவர், சில நாளிலேயே சிறுநீர் கறுத்தது, சிவப்பணுக்களில் ஹைன்ஸ் துகள்கள் தோன்றின, இரத்த அளவு சரிந்தது. மருந்தை நிறுத்தவில்லை. அப்படியிருந்தும் சரிந்த இரத்தம் தானே மீளத் தொடங்கியது. எர்னஸ்ட் பாய்ட்லரும் குழுவினரும் கதிரியக்க இரும்பால் அணுக்களுக்கு வயது குறித்துப் பார்த்தார்கள். மூன்று வாரத்துக்கு உட்பட்டவை மருந்துக்கு அசையவில்லை. இரண்டு மாதம் கடந்தவை உடைந்தன. மூத்தவை எல்லாம் போய், இளையவை மட்டுமே ஓடிக்கொண்டிருந்ததால்தான் இரத்தம் தாக்குப்பிடித்தது.

காரணம் 1956-ல் வெளிவந்தது: அவர்களிடம் ஜி6பிடி என்ற நொதி குறைவு. குளுட்டாதயோனை மறுபடி மறுபடி புதுப்பிக்கத் தேவையான பொருளைத் தருவது அந்த நொதி. அணு பிறக்கும்போது அது ஓரளவு இருக்கும். புதிதாகச் செய்ய வழியில்லாததால் வாரம் போகப் போகக் கரையும். குறைபாடு உள்ளவரிடம் மிக வேகமாகக் கரையும். பிறகு பெராக்சைடைத் தடுக்க ஆளில்லை. ஹீமோகுளோபின் நேராக அடி வாங்குகிறது. அதனால்தான் இன்றும் விவாக்ஸ் மலேரியாவுக்குப் பிரைமாகுயின் எழுதும் முன் ஜி6பிடி அளவைப் பார்க்கச் சொல்கிறார்கள். இரத்தம் உடைந்த கையோடு அந்தப் பரிசோதனையைச் செய்தால் நொதி சரியாக இருப்பதுபோல் காட்டிவிடக்கூடும், ஏனென்றால் அப்போது குழாயில் ஏறியிருப்பவை பெரும்பாலும் இளம் அணுக்கள். விவரம் தெரிந்த மருத்துவர் மூன்று மாதம் கழித்து இன்னொருமுறை எடுத்துப் பார்க்கச் சொல்வார்.